ஒரே மிதியில்

எங்கள் வரிசையில் மொத்தம் ஆறு கடைகள். முதல் கடை என் லேத். அடுத்தது ஃபர்ஸ்ட் கிளாஸின் மெக்கானிக் பட்டறை. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது லைசென்ஸ் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. எந்த வேலையை முடித்தாலும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பான். ஆயில் மாற்றினாலும் அதேதான், இன்ஜினையே இறக்கி ஏற்றினாலும் அதேதான். நாலு நாளில் வண்டி திரும்பி வந்தால் மறுபடி படுத்து, எழுந்து, அதே வார்த்தை. பொய் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். சொல்லும்போது முழுசாக நம்பித்தான் சொல்வான். பொய் சொல்கிறவனையாவது கண்டுபிடித்துவிடலாம், இவனை மாதிரி ஆளோடு காலம் தள்ளுவதுதான் கழுத்தறுப்பு.

நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும். "மத்ததெல்லாம் தொலைஞ்சா தேடிக்கலாம்ணே, இது தொலைஞ்சா அன்னிக்குக் கடையையே மூடணும்" என்பான். கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவில்கூட அந்தப் பை கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கிறது. கேட்டால் சிரிப்பான்.

அவனுக்கு ஒரு அக்கா. ஐந்து வயது மூத்தவள். மலைமேல் இருக்கும் குடிநீர் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிறவள். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், ஒவ்வொரு முறையும் பின்னால் எட்டுப் பேர். அந்த எட்டில் ஒருத்தி என் வீட்டுக்காரி, தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. பாதையில் ஒரு ஓடை, அதற்குமேல் பதினொரு வளைவு. ஒன்பதாவது வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் பின்னால் எடுக்க வேண்டும், பின்னால் எடுக்க அங்கே இடமில்லை. பள்ளம்தான் இருக்கிறது.

அக்கா தம்பி வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், அவன் மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். ஆனால் ஜீப் மட்டும் அவன் பட்டறைக்குள் நுழையாது. தெருவில் எதிர்ப்பக்கம் நிற்கும். ஏழு வருடமாக அப்படித்தான். ரிப்பேர் என்றால் ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு மெக்கானிக்கிடம் போய்விடுவாள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். இவன் கடை திறந்த அன்று முதல் வண்டியாக உள்ளே வந்தது அந்த ஜீப்தான். பிரேக்கைக் கழற்றி, உள்ளே தேய்ந்ததை எல்லாம் மாற்றி மாட்டி, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றான். வாசலில் நின்ற நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அன்று மத்தியானம் பின்னால் ஆள் இல்லாமல் இறங்கி வரும்போது நாலாவது வளைவில் பெடல் தரையோடு தரையாகப் போய்விட்டது. அவள் வண்டியை மலைச்சுவரில் உரசி நிறுத்தினாள். உயிர் தப்பியது, இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கையை மல்லாத்த முடியாது. இரண்டு கையேந்தி வாங்க வேண்டியதையும் வலது கையில் மட்டும்தான் வாங்குவாள்.

அந்தக் கையோடு அதே ஸ்டீயரிங்கை மறுபடி பழகினாள். வலது கையால் இழுத்து, இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் ஒரு வித்தை. ஆறு மாதம் ஆனது என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

இந்த மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டியதும் பிரேக் நனைந்து இரண்டு முறை வழுக்கியது. நிலையத்து மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டாக வேண்டும், மாதக் கடைசி மத்தியான ஷிப்டுக்கு வண்டி வரும்போது நானே பார்ப்பேன், இல்லையென்றால் வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மறுகோடி மெக்கானிக்கிடம் போனாள். டிஸ்க் போட்டால் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பியையும் சேர்த்து மாற்றினால்தான் சக்கரம் திரும்ப இடம் கிடைக்கும், எல்லாம் செட்டாகத்தான் வரும் என்று அவர் கையை விரித்துவிட்டார். ஸ்டீயரிங்கின் பாரம் மாறினால் இவள் மணிக்கட்டு தாங்காது.

அன்றுதான் ஏழு வருடம் கழித்துத் தம்பி பட்டறை வாசலில் வந்து நின்றாள். ஜீப் எதிர்ப்பக்கம்தான் நின்றது.

"டிஸ்க் பிரேக் போடணும். ஸ்டீயரிங்ல கை வைக்கக்கூடாது. முடியுமா, முடியாதா?"

"அதுக்கென்னக்கா, ஃபர்ஸ்ட் கிளாஸா பண்ணிடலாம்."

நான் உள்ளே லேத்தை நிறுத்தினேன். இவன் வாய் இவனைச் சும்மா விடாது என்று தெரியும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் என்று எதிர்பார்க்கவில்லை.

வேலை மூன்று நாள், மூன்றாம் நாள் காலை ஷிப்ட் வரை மட்டும் ஆட்களுக்கு ஒரு வாடகை வண்டி. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரை வழக்கம்போல அச்சுக்குப் பின்பக்கம் வைத்துப் பார்த்தான். சக்கரத்தை முழுசாக ஒடித்ததும் அது ஸ்டீயரிங் கம்பியில் போய் இடித்தது. ஒரு விரல் அளவுக்குத்தான்.

"அண்ணே, சக்கரம் திரும்புற அளவை ஒரு விரல் குறைச்சுட்டா இடிக்காது. ஸ்டாப்பர் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்தாப் போதும்."

"ஒன்பதாவது வளைவுல அந்த ஒரு விரலை யாரு தருவா? நீயா? என் பொண்டாட்டி பின்னால உக்காந்திருக்கா, ஞாபகம் வச்சுக்கோ."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சக்கரத்தடியிலேயே கிடந்தான். பிறகு ஒரு அட்டையை வெட்டிக்கொண்டு வந்தான். காலிபரை அச்சுக்கு முன்பக்கம் கொண்டுபோய்விட்டால்? கம்பி பின்னால், காலிபர் முன்னால், சண்டையே இல்லை. நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். அரை அங்குலத் தகட்டில் காலிபரைத் தாங்க நான் இரண்டு பிராக்கெட் வெட்டிக் கடைந்து கொடுத்தேன். என் கையால் செய்ததில் அதைவிடச் சுத்தமான வேலை குறைவு. மாட்டினான். ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது தடவை திருப்ப வைத்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. பிரேக் ஆயில் போகும் டியூபும் இழுபடவில்லை. ஸ்டீயரிங்கில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

மூன்றாம் நாள், மாதக் கடைசி. காலையில் பிரேக் ஆயில் ஊற்றி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுத்தோம். நான் பெடலை மிதிக்க வேண்டும், அவன் கீழே படுத்துக்கொண்டு காலிபரில் காற்று வெளியேறும் துளையான நிப்பிளை அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் திறந்து மூட வேண்டும். "மிதிங்க... பிடிங்க... விடுங்க." ஆயில் சுத்தமாக வந்தது. ஒரு குமிழி இல்லை. ஆனால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. இரண்டாவது மிதிக்குத்தான் மேலே ஏறி நின்றது. மறுபடி எடுத்தோம். மூன்று பாட்டில் காலி. அதே பஞ்சு.

அவன் எழுந்து கையைத் துடைத்தான். "புது பிரேக் பேடுதானேண்ணே. ஓட ஓட செட் ஆயிடும்."

நான் தலையாட்டினேன். ஆம், நான்தான். முப்பது வருடம் இரும்போடு மாரடித்தவன், காலுக்கடியில் அந்தப் பஞ்சை உணர்ந்தவன், தலையாட்டினேன். களைப்பு, பசி, மணி பதினொன்று. சப்பைக்கட்டு எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அக்கா வந்தாள். யார் வேலை செய்து கொடுத்தாலும் அவள் வாயால் விசாரிக்க மாட்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பெடலைத் தொட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான். அன்றும் செருப்பைக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இடது உள்ளங்கை ஸ்டீயரிங்கில் அதன் இடத்தில் போய்ப் படிந்தது. தம்பி கதவோரம் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' சொல்லப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். வாயைத் திறந்தான்.

"இரு, அக்கா. மிதிக்காதே."

"ஏன்டா?"

"இறங்கு. நல்லா இல்ல. ரெண்டாவது மிதிக்குத்தான் ஏறுது. ஏன்னு எனக்குத் தெரியல."

பதினேழு வருடமாக அவனைத் தெரியும். 'எனக்குத் தெரியல' என்று அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பாவமாகவும் இருந்தது, என்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

அக்கா இறங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். மேனேஜருக்குப் போன் போட்டாள். "ஷிப்டுக்கு லேட்டாகும் சார்... எவ்வளவு நேரம்னு தெரியாது... வேற வண்டி சொல்றதுன்னா சொல்லிக்குங்க சார், பிரேக் சரியாகாம நான் ஏத்த மாட்டேன்." அந்தப்பக்கம் சத்தம் எங்களுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு என் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவன் சக்கரத்தைக் கழற்றினான். நான் விளக்கைப் பிடித்தேன். டியூபைத் தடவினான், அதன் இணைப்புகளைத் தடவினான், எங்கேயும் கசிவில்லை. கடைசியில் காலிபரையே உற்றுப் பார்த்தபடி இருந்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். கை முழுக்க ஆயில், நெற்றியும் கறுத்துப்போனது.

"நிப்பிள் எங்கண்ணே இருக்கு?"

"கீழே."

"காத்து எங்கே நிக்கும்?"

மேலே நிற்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காலிபரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் கொண்டுவந்தபோது அது தலைகீழாகிவிட்டது. மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விட்டது. நாங்கள் கீழே திறந்து திறந்து நல்ல ஆயிலை வடித்துக்கொண்டிருந்தோம், காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது வருட அனுபவம், வெட்கக்கேடு. இடதுபக்கக் காலிபரை வலதுபக்கமும், வலதை இடதுபக்கமும் மாற்றி மாட்டினான். நிப்பிள் மேலே வந்தது. பிராக்கெட்டில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தடவை ஏர் எடுக்கும்போது மிதித்தது அக்கா. வெறுங்காலோடு. முதல் திறப்பிலேயே குமிழி குமிழியாக நுரைத்து வந்தது. இரண்டு பக்கமும் முடித்த பிறகு பெடலை ஒருமுறை அழுத்தினாள். பாதியில் கல்லாக நின்றது. காலை எடுக்கவில்லை.

தம்பி கையைத் துடைத்தான். எதுவும் சொல்லவில்லை.

"அன்னிக்கும் ரெண்டாவது மிதிக்குத்தான்டா ஏறுச்சு" என்றாள்.

"எது?"

"கடை திறந்த அன்னிக்கு. வாசல்லயே தெரிஞ்சுபோச்சு எனக்கு."

அவன் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "அப்போ ஏன்க்கா சொல்லல?"

"எல்லாரும் கை தட்டிட்டு நிக்கிறாங்க. உன் மூஞ்சில அவ்வளவு சந்தோஷம். என்னத்தச் சொல்றது?" பெடலிலிருந்து காலை எடுத்தாள். "இங்க வண்டியைக் கொண்டு வந்தா, மறுபடி உன் மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்குவேனோன்னுதான் வரல. பின்னால எட்டுப் பேர் இருக்காங்கல்ல."

அவன் அழுதான். ஆயில் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் அசிங்கப்படுத்திக்கொண்டான். அவள் இறங்கி, வலது கையால் அவன் நெற்றியில் இருந்த கறையைத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. "வந்து முன்னால உக்காரு" என்றாள். ஒன்பதாவது வளைவு வரை இருவரும் வெறும் வண்டியில் போய் வந்தார்கள். இரண்டரை மணி நேரம் லேட் என்று மேனேஜர் கத்தினாராம், வேறு வண்டி கிடைக்காததால் கடைசியில் டிஸ்க்கைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி வந்ததும் இந்தக் கதையை நான் ரசித்து ரசித்துச் சொன்னேன். காற்று மேலே, நிப்பிள் கீழே என்று கையை ஆட்டிக் காட்டினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தாள். பிறகு கேட்டாள்.

"காலையில பெடலை மிதிச்சது யாரு?"

"நான்தான்."

"அது இறங்குனது உங்களுக்குத் தெரியும்ல?"

நான் அவள் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

"அவன் சொல்லாம விட்டிருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். காலையில் தலையாட்டியதுதான் ஞாபகம் வந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.