பராசக்தியின் வலக்கை மணிக்கூடு

தர்சிகா கனடாவுக்குப் போனது 2023 ஆவணி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் விடியவே வந்து தெல்லிப்பழை ஒழுங்கைக்குள் நின்றுவிட்டது. சாமான்களெல்லாம் ஏற்றியாயிற்று. பிள்ளையை மட்டும் காணவில்லை. தகப்பன் சண்முகநாதன் தேடிக்கொண்டு உள்ளே போனார். குசினிக்குள் நின்று தாயின் இடக்கையைப் பிடித்து, ஒரு கறுப்பு மணிக்கூட்டின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள் மகள்.

“இதைக் கழட்டக் கூடாது அம்மா. குளிக்கேக்கையும் கட்டியிருக்கலாம், தண்ணி பட்டால் ஒண்டும் செய்யாது.”

“நீ கொண்டு போவன் பிள்ளை. அங்கை மணி பாக்க வேண்டாமே?”

“இது மணி பாக்கிறதுக்கில்லை. நீங்கள் எத்தினை அடி நடக்கிறியள், எவ்வளவு கலோரி எரிக்கிறியள், எல்லாம் இதிலை வரும். அப்பான்ரை போனுக்கு வந்து அங்கையிருந்து என்ரை போனுக்கும் வரும். நான் ஒவ்வொரு நாளும் பாப்பன்.”

“அப்ப இனி உன்னைப் பேக்காட்டி ஏமாத்தேலாது எண்டு சொல்லு.”

பராசக்தி சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். மகள் சிரிக்கவில்லை. முந்தின வருடம் பராசக்தி நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்தார். இதயம் பலவீனம், அடுப்புப் புகைக்குள் நிற்கக் கூடாது, ஆனால் ஆறுதலாக நடக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு தர்சிகா படிக்கப் போகவே மாட்டேன் என்றாள். நீ போகாவிட்டால் நான் மருந்தும் குடிக்கமாட்டேன் என்று தாய் நின்றார். இரண்டு பேருடைய பிடிவாதத்துக்கும் நடுவில் வந்த சமாதானம்தான் அந்த மணிக்கூடு. அது இல்லையென்றால் அவள் வானில் ஏறியிருக்கமாட்டாள்.

சண்முகநாதனுக்கு அந்த ஏற்பாடு பிடித்துக்கொண்டது. அவர் மின்சாரசபையில் மீற்றர் பார்த்து ஓய்வு பெற்றவர். தெல்லிப்பழையிலிருந்து கடற்கரைப் பக்கம் வரைக்கும் அவரைத் தெரியாத நாய் இல்லை. போர் நடந்து குடாநாட்டில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில், பார்க்க ஒரு மீற்றரும் ஓடாத நாட்களில்கூட, அவரை எல்லோரும் மீற்றர் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். சனம் கதைக்கும், மீற்றர் கதைக்காது, உள்ளதைக் காட்டும் என்பது அவருடைய கட்சி. “லைற் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டும் உது ஓடுது, பாருங்கோ அண்ணை” என்று முறைப்பாடு சொல்லாத வீடு குறைவு. அவர் நேரே குசினிக்குள் போய்க் கையைக் காட்டுவார். “அப்ப இந்தப் பிரிட்ஜ் என்ன காத்திலையே வேலை செய்யுது?” பிறகு படிவத்தில் ‘மீற்றரில் பிழையில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவார்.

இந்த மீற்றர் அவருக்குப் பழக்கமில்லாத சாதி. முற்றத்து வெயிலில் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கறுப்பு. நிழலுக்குக் கொண்டுவந்து கையைத் திருப்பினால் ஒரு நெருப்புப் படமும் பக்கத்தில் ஓர் எண்ணும் தெரியும். அது என்ன எண் என்று வாசிப்பதற்குள் அணைந்துவிடும். தர்சிகா நாளுக்கு எண்ணூற்றைம்பது கலோரி என்று ஓர் இலக்கு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைத் தாண்டியவுடன் மணிக்கூடு கையில் அதிர்ந்து, சின்னத் திரைக்குள் வாணவேடிக்கை விடும். பின்னேரங்களில் அது அதிரும்போது பராசக்தி துள்ளி விழுவார்.

“இஞ்சேருங்கோ, உது திரும்பக் கிள்ளுது.”

“பாஸ் பண்ணிப்போட்டீர் எண்டு சொல்லுது.”

“நான் எங்கை நடந்தனான்? இருந்து கீரையெல்லே ஆய்ஞ்சனான்.”

சண்முகநாதன் கையைத் திருப்பி நெருப்புப் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

ஐப்பசி முதற் கிழமை கௌரி விரதம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கிடந்தபடியால் முந்தின வருடம் தவறிப்போனது. பிள்ளை வெளிநாடு போயிருக்கிற இந்த வருடம் பிடிக்காமல் விடமாட்டேன் என்று பராசக்தி இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டில் நின்றார். சண்முகநாதன் தினம் கையைப் பிடித்து நெருப்புப் படத்தைப் பார்ப்பார். “சாப்பிட்டது ஒரு பிடி சோறு. எரிச்சது ஆயிரத்தி இருநூற்றிச் சொச்சமாம். எங்கையிருந்தப்பா எடுத்து எரிக்கிறீர்?”

“கௌரியம்மா தாறா. நீங்கள் கையை விடுங்கோ.”

ஒரு விடியற்காலை பராசக்தி இன்னும் நித்திரையால் எழும்பவில்லை, அதற்குள் மணிக்கூடு இருநூற்றித் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. சண்முகநாதன் பாயின் ஓரத்தில் குந்தியிருந்து அந்த எண்ணையும், படுத்துக் கிடந்த மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அசையாத ஆளுக்கு மீற்றர் ஓடுகிறது. பிழையான மீற்றர். அன்றைக்கே கைபேசியில் கம்பனியின் முகவரியைத் தேடி எடுத்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், ஐயா என்று தொடங்கிப் பணிவன்புள்ள என்று முடித்து, மனைவியின் வயது, எடை, திகதி, அளவு எல்லாம் குறிப்பிட்டு ஒரு முறைப்பாடு எழுதினார். முறைப்பாடு கிடைத்தது, விரைவில் பதில் வரும் என்று உடனே ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஐப்பசி அமாவாசையன்று கோயிலில் காப்புக் கட்டினார்கள். பெண்களுக்கு இடக்கை. மஞ்சள் நூலைக் கட்டவேண்டிய இடத்தில் மணிக்கூடு இருந்தது. பராசக்தி அதைக் கழற்றி வலக்கையில் கட்டிக்கொண்டார். காப்புக் கையில் ரப்பர் வார் முட்டக் கூடாது, அடுத்த வருடம் வரைக்கும் காப்பை அவிழ்க்கவும் கூடாது.

அதற்குப் பிறகுதான் எண் ஏறத் தொடங்கியது. வலக்கை என்ன சும்மா இருக்கிற கையா? மா அரித்தால் ஓடும், தேங்காய் துருவினால் ஓடும். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பராசக்தியின் கையால் வறுத்த தூள்தான் வேண்டுமென்று நிற்பார்கள். விடவேண்டும் என்று சொல்லப்பட்ட அந்த வேலையையும் பராசக்தி விடவில்லை. முன்வீட்டுச் சுவர்ணாவின் மகனுக்கு அனுப்பவென்று மூன்று கிலோ மிளகாயும் மல்லியும் வறுத்த அன்று இரண்டாயிரத்து நூற்றைத் தாண்டியது. பின்னேரம் தர்சிகா கூப்பிட்டாள்.

“என்னம்மா, ஊர் சுத்தி ஓடினனீங்களோ?”

“ஓம் பிள்ளை, கோயிலடி மட்டும் போட்டு வந்தனான்” என்றார் பராசக்தி, இருமலை விழுங்கிக்கொண்டு.

“காப்பெண்டு வலக்கையிலை கட்டியிருக்கிறன் எண்டு சொன்னனீங்கள் எல்லே, அதுதான் கூடக் காட்டுது. திரும்ப இடக்கைக்கு மாத்துங்கோம்மா. அப்பதான் சரியானதைக் காட்டும்.”

“மாத்துறன், மாத்துறன்.”

மாற்றவில்லை.

தை பிறந்து பொங்கல் முடிய, கால் வீங்கத் தொடங்கியது. முற்றம் கூட்டினால் பாதியில் நின்று தூணைப் பிடித்தார். பிறகு கூட்டுவதையே விட்டார். ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். சண்முகநாதன் போனைக் கையில் எடுத்த ஒவ்வொரு முறையும் பராசக்தி மறித்தார்.

“பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சோதினை முடியட்டும். அரைவாசியிலை விட்டிட்டு ஓடி வந்தாளெண்டால் அவளின்ரை படிப்புப் போச்சு.”

“கேட்டால் என்ன சொல்லுறது?”

“கேட்டால் பாப்பம்.”

சண்முகநாதன் வாக்குக் கொடுத்தார். கொடுத்தபோது உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. நான் சொல்லாவிட்டால் என்ன, மணிக்கூடு சொல்லும். ஓட்டமாக ஓடுகிற மீற்றர் என்றாலும், பாவனை குறைந்தால் அதுவும் குறைத்துத்தானே காட்டவேண்டும்? குறைத்துத்தான் காட்டியது. இரண்டாயிரம் ஆயிரத்து எழுநூறானது, ஆயிரத்து நானூறானது. மாசி முதற் கிழமை ஆயிரத்து நூற்றித் தொண்ணூறில் வந்து நின்றது. எண் விழ விழ, பிள்ளை இண்டைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று காத்திருந்தார். ஒருநாள் மெல்ல வாயைத் திறந்தும் பார்த்தார்.

“அம்மான்ரை மணிக்கூட்டைப் பாக்கிறனி தானே, பிள்ளை?”

“ஒவ்வொரு நாளும் பாக்கிறன் அப்பா. எழும்பின உடனை முதல் வேலை அதுதான்.”

குரலில் கலக்கம் இல்லை. தெரிந்துகொண்டுதான் தைரியமாகக் கதைக்கிறாள், தாய்க்காக மறைக்கிறாள் என்று சண்முகநாதன் நினைத்தார். என் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை என்று ஒரு பெருமையும் வந்தது.

மாசி நடுப்பகுதியில் மூச்சு எடுக்க முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒட்சிசன் குழாய் மூக்கில் இருந்தது. மணிக்கூட்டைக் கழற்றித் தரச் சொல்லித் தாதி கேட்டபோது பராசக்தி கையை இழுத்துக்கொண்டார். கழற்றினால் பிள்ளை பயந்துபோவாள். நான்காம் நாள் பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், சண்முகநாதன் பக்கத்தில் இருந்து அந்த வலக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து ஒரு விரல்கூட அசையாத கை. ஐந்து மணி தாண்டிச் சொற்ப நேரத்தில் மணிக்கூடு அதிர்ந்தது. பார்த்தார். எண்ணூற்றைம்பது. திரைக்குள் பச்சையும் சிவப்புமாக வாணவேடிக்கை.

பராசக்தி கண்ணைத் திறந்தார். “கிள்ளுது” என்றார்.

“பாஸ் பண்ணிப்போட்டீர்” என்றார் சண்முகநாதன்.

அடுத்த நாள் விடியப் பராசக்தி போய்விட்டார்.

தர்சிகா மூன்றாம் நாள் வந்து இறங்கினாள். நடுவீட்டில் பெட்டி இருந்தது. விழுந்து அழுவாள், பிடிக்கவேண்டும் என்று சுவர்ணா பின்னால் ஆயத்தமாக நின்றார். ஆனால் அவள் அழவில்லை. தாயின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இடக்கையில் மஞ்சள் நூல். வலது மணிக்கட்டில் வார் பதிந்த தடம்.

“அப்பா, இவ மாத்தேல்லையே?”

“எதைப் பிள்ளை?”

“மணிக்கூட்டை. இடக்கைக்கு மாத்தச் சொன்னனான். எண் குறைய, என்ரை சொல்லுக் கேட்டு மாத்தியிட்டா எண்டு சந்தோஷப்பட்டனான் அப்பா. ஆயிரத்தி நூற்றித் தொண்ணூறு. அவ்வளவும் நடந்து எரிக்கிறா எண்டெல்லே நினைச்சன். நான் வைச்ச இலக்கை ஒரு நாளும் தவறவிடேல்லையே. அவ போறதுக்கு முதல் நாளும் வாணவேடிக்கை வந்தது. வேலைக்குப் போற பஸ்ஸுக்குள்ளை இருந்து கைதட்டினன்.”

சண்முகநாதன் பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். “நீ… பாத்துக்கொண்டிருக்கிறாய் எண்டு நான்…”

“நீங்கள் கூட இருந்தனீங்கள் தானே? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அப்பா? ஒரு சொல்லு.”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். சுவர்ணா பிடித்துக்கொண்டார். சண்முகநாதன் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். சுற்றிக்கொண்டு மகளிடம் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிய மகள் திரும்பிப் போனாள். மணிக்கூட்டை எடுத்துப் போகவில்லை. தகப்பனின் கையில் கட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். சாப்பிட்டியளோ என்பாள், ஓம் என்பார். மருந்து எடுத்தியளோ என்பாள், ஓம் என்பார். தன் முழங்கால் உளைவதையும், கறிக்கு உப்புப் போட மறந்ததையும், நேற்று மழை பெய்ததையும் அவர் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். சொல்லவேண்டிய காலத்தில் சொல்லாத மனிதர் இப்போது எல்லாவற்றையும் சொன்னார். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த ஐப்பசி அமாவாசையும் வந்தது. காப்புக் கட்டி முடித்த பெண்கள் மஞ்சள் நூலோடு ஒழுங்கையால் போவதை வாசல் படலையில் நின்று பார்த்துவிட்டுச் சண்முகநாதன் உள்ளே வந்தபோது, மேசையில் கைபேசி முனகியது. மகளாக்கும் என்று ஓடிப்போய் எடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மீற்றர் பார்ப்பதுபோல இரண்டு தரம் வாசித்தார்.

ஐயா, உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமானதற்கு வருந்துகிறோம். நித்திரையில் இருக்கும்போதும் எண் கூடுவதாக எழுதியிருந்தீர்கள். திரையில் தெரிவது நடந்ததாலும் வேலை செய்ததாலும் எரிந்த கலோரி மட்டுமல்ல. அணிந்திருப்பவர் நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலும், மூச்சு விடுவதற்கும் இதயம் துடிப்பதற்கும் உடல் எரிப்பதும் அதில் சேர்ந்திருக்கும். உங்கள் மனைவியின் வயதுக்கும் எடைக்கும் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரத்து நூற்றித் தொண்ணூறு. உங்கள் முறைப்பாட்டைக் கவனமாக ஆராய்ந்தோம். கருவியில் பிழையில்லை.