அடியில் தங்கிய மண்டி

பொத்தேரிப் பக்கம் பி.ஃபார்ம் படித்த நாட்களில், எச்ஐவி மாத்திரைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். வாயால் விழுங்கும் மருந்து எவ்வளவு கரைகிறது, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் என் புராஜெக்ட். ஆய்வகக் குடுவைகளோடு நின்றுவிடாமல், சனிக்கிழமைகளில் ரயிலேறிச் செங்கல்பட்டு சிகிச்சை மையத்துக்குப் போய்த் தன்னார்வலனாக நிற்பேன். பிள்ளைகளுக்கு மாத்திரையை எப்படித் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது என்று பெற்றவர்களுக்கு வாய் ஓயாமல் சொல்லித்தருவேன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் தன் ஏழு வயது மகளோடு வருவார். மனைவி அதே நோயில் இறந்துவிட்டார். ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து கொடுப்பவர். ஆனாலும் பிள்ளைக்கு எடை ஏறவில்லை, காய்ச்சலும் விடவில்லை. கிருமி இந்த மருந்துக்குப் பழகிவிட்டதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். பழகியிருந்தால், மாற்றிக் கொடுக்க அன்று எங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

"எப்படிக் குடுக்குறீங்க, கொஞ்சம் காட்டுங்கண்ணே," என்றேன்.

"இன்னா தம்பி, எனக்கே பரீட்சையா?"

கையோடு கொண்டுவந்திருந்த காலை மாத்திரையை டம்ளர் தண்ணீரில் போட்டார். அது வெள்ளையாக உதிர்ந்தது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

"குடுங்கண்ணே."

"இரு, தெளியட்டும்."

மேலே நின்ற நீரைப் பிள்ளையின் கிண்ணத்தில் மெல்லச் சாய்த்தார். ஒரு துளி மண்டி விழவில்லை, அவ்வளவு பக்குவம். அடியில் தங்கியதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றப் போனபோது பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை அது. இரண்டு நன்றாகக் கரையும். மூன்றாவது கரையாமல் அடியில் தங்கும். தேர்வில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான்.

"அய்யோ, அந்த மண்டியிலதாண்ணே மருந்து இருக்கு!"

"நீதானப்பா கரைச்சுக் குடுன்ன? கரையாதது குப்பைதான? லாரித் தண்ணியே தெளிய வெச்சுத்தான் குடிச்சிகினு இருக்கோம். புள்ளைக்குப் போயி மண்டியக் குடுப்பனா?"

'கரைத்து' என்பது என் சொல். 'கலக்கி' என்று சொல்லியிருக்க வேண்டும்.

கிண்ணத்து நீரைத் திரும்ப டம்ளரில் ஊற்றிக் கலக்கிப் பிள்ளையிடம் நீட்டினேன். பிறகு டம்ளரை அலசி, அந்தத் தண்ணீரையும் கொடுத்தேன்.

"சேறு மாரி கீது நைனா," என்று முகம் சுளித்தாள்.

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினி மாசமா கொட்டிகினு இருந்துக்கீறேன்..."

"தப்பாச் சொன்னது நான்தாண்ணே."

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அதே மருந்தை முழுசாகக் கொடுத்துப் பார்ப்போம், பிறகு ரத்தப் பரிசோதனை என்றார். அந்த வாரமே என் புராஜெக்டை மாற்றினேன்: சட்டென்று அடியில் தங்காமல் நீரில் பரவி நிற்கும் தூள்.

அடுத்த மாதம் எடை அரைக் கிலோ ஏறியிருந்தது. பிள்ளை மருந்தைக் குடித்துவிட்டு என் உள்ளங்கையில் டம்ளரைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"இன்னா வாத்தியாரே, பாஸா?" என்றார் அவர், சிரிக்காமல்.

கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. கையை மூடிக்கொண்டேன்.