பூக்காத ஹனிசக்கிள்

ஒரகடத்தில் நான் வீட்டுவேலை பார்த்த கொரியாக்காரம்மா என்னைவிடச் சின்னவர். கணவர் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பகல் முழுக்க அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நடுவில் அவருடைய போன். அவர் தன் மொழியில் பேசினால் அது தமிழில் சொல்லும், பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி. "அக்கா" என்பதை மட்டும் அவரே சொல்வார்.

ஒருமுறை ஊட்டிக்குப் போய்த் திரும்பியவர், காரிலிருந்து ஒரு செடியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். நர்சரிக்காரர் ஹனிசக்கிள் என்றாராம். கொரியாவில் இவருடைய அம்மா வீட்டு வாசலில் இதேதான் நிற்கிறதாம். பனிக்காலத்தில் இலையெல்லாம் கொட்டி, வெறுங்குச்சியில் பூக்குமாம்.

"வாசனை இன்னா மாதிரி மேடம்? மல்லி மாதிரியா?"

போன் சொன்னது: "எலுமிச்சை போல. ஆனால் இனிப்பு."

அது சரியில்லை என்பதுபோல அவர் தலையை ஆட்டினார். கண்ணை மூடி மூச்சை இழுத்துக் காட்டினார். அந்த வாசனைக்கு அன்றே எனக்கு ஏக்கம் வந்துவிட்டது.

வேப்பமர நிழலில் இருவரும் சேர்ந்து நட்டோம். எரு எங்கள் வீட்டு மாட்டுடையது. செடி நன்றாகத் தழைத்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. மார்கழி வந்தும் இலை கொட்டவில்லை, மொட்டும் கட்டவில்லை. ஒருநாள் நான் போனபோது ஐஸ் கட்டிகளை வேரில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம் பண்றீங்கோ?"

சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

மாசியில் அம்மா இறந்துபோனார். அவசரமாகக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. அப்பாவைத் தனியாக விட முடியவில்லையாம். கொஞ்ச நாளில் கணவரும் வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றும்போது அவர் செடியைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து வேர்மண்ணோடு பெயர்த்தார். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வைத்தோம். அடுத்து வந்த கத்திரி வெயிலில் ஓர் இலை மிச்சமில்லை.

"செத்துப் போச்சுடி. புடுங்கிப் போட்டுடட்டா?"

"இருக்கட்டும்யா."

நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. மழை விழுந்ததும் துளிர்த்தது. ஆனால் வருஷங்கள் ஓடியும் பூ இல்லை, இன்று வரை.

போன தை மாதம் மேடம் வீடியோ காலில் வந்தார். முடி நரைத்திருந்தது. பின்னால் வெள்ளையாகப் பனி. அம்மா வீட்டுச் செடியில் குச்சிக்குக் குச்சி பூ. போனைப் பூவுக்குள் கொண்டுபோனார். அங்கே அவர் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. நானும் இழுத்தேன். என் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பால்தான் மணத்தது.

"எப்போ வருவீங்கோ மேடம்?" என்றேன்.

போன் அதை அவர் மொழியில் சொன்னதா என்று தெரியவில்லை. "அக்கா... அக்கா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்துபோகவில்லை.