முழங்காலோடு நின்ற உடை

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நான் வேலை செய்யும், பாவித்த உடுப்புகள் விற்கும் கடைக்கு, மழை பெய்த ஒரு மதியம் அவர் வந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. ஸ்கொட்லாந்து ஆண்கள் முழங்கால் வரை உடுக்கும் கில்ட் ஒன்று கேட்டார்.

“மகன் சாரத்தோட வெளிய போக விடுறானில்லை, தம்பி. இதெண்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். வொலிபோல் விளையாடவும் வேணும், கடைக்குப் போகவும் வேணும். மலிவா, லேசில கிழியாததாப் பாத்துத் தாங்கோ.”

கம்பளி விலையும் கூட, தோய்ப்பதும் சிரமம் என்று தடித்த பருத்தியில் ஒன்றைக் கொடுத்தேன். உடுத்துக்கொண்டு குந்திப் பார்த்தார், எட்டிக் குதித்தார். பிறகு, சாரம் என்ற லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய பழக்கத்தில், அவர் கை இடுப்பில் மடிப்பைத் தேடியது.

“பெரியாக்கள் வந்தா இதை எப்பிடி இறக்கிவிடுறது?”

“இறக்கேலாது அண்ணை. இவ்வளவுதான்.”

“அதுவும் சரி. எனக்குப் பெரியாக்கள் எண்டு இனி ஆர் இருக்கினம்?”

இலையுதிர் காலத்தில் பூங்கா ஓரம் அவரைக் கண்டேன். அதே கில்ட், கையில் பந்து. வீதியால் ஒரு பிரேத வண்டி மெதுவாகப் போனது. பந்தை விட்டுவிட்டு அவருடைய இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின. இறக்கிவிட அங்கே ஒன்றுமில்லை. துணி கொஞ்சமாவது கீழே வரட்டும் என்பதுபோல, வண்டி மறையும்வரை முழங்காலை மடித்தே நின்றார்.