நாகப்பட்டினம் கடலில் ட்ரோலிங்: மலிவான ராடு வாங்கப் போன கதை

போன மாசி மாதம் இரண்டாவது வாரம், சனி ஞாயிறு இரண்டு நாள், நானும் என் கணவரும் பாபநாசத்திலிருந்து நாகப்பட்டினம் போய் வந்தோம். கடலில் ராடு, அதாவது தூண்டில் கம்பு, போட்டு மீன் பிடிக்க. அதற்கு முன் நான் மீனைப் பார்த்ததெல்லாம் மார்க்கெட்டில்தான். ஆகவே இது விவரம் தெரிந்தவர் எழுதும் குறிப்பு இல்லை. இரண்டு ராடோடு கடலுக்குப் போய் ஒரு ராடோடு கரைக்கு வந்த ஒருத்தி எழுதுவது.

என் கணவர் பெயர் ஜமால். மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். விடுமுறை கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களோடு படகெடுத்து ட்ரோலிங் போவார். ட்ரோலிங் என்றால் வேறொன்றுமில்லை. படகு மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். முப்பது நாற்பது மீட்டர் பின்னால் செயற்கை மீன் ஒன்று தண்ணீருக்குள் நீந்துவது போல இழுபட்டு வரும். பெரிய மீன் அதை இரையென்று நம்பிக் கடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே அவருக்குப் பக்கவாதம் வந்து ஊர் திரும்பினார். நடை சரியாகிவிட்டது. வலது கையில் பிடிமானம் மட்டும் பாதிதான் வந்தது. யாராவது உதவிக்குப் போனால் பிடிக்காது. சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆனாலும் அவரேதான் போடுவார். நான் கிட்டப் போனால், "இரு, வர்றேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அப்படிப்பட்டவர் பொங்கல் லீவில் ஒருநாள், "ஒரு தடவை கடலுக்குப் போயிட்டு வரணும் மெஹரு" என்றார். ஊர் வந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, களைப்பு தெரிந்ததும் நிறுத்திக்கொண்டால் போகலாம் என்றார்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் படித்து, அளந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். இணையத்தில் 'விலை குறைந்த ட்ரோலிங் ராடு' என்று தேடினால் வந்ததெல்லாம் வால்ஐ என்று ஒரு மீனைப் பற்றி. ஏதோ குளிர்தேசத்து ஏரி மீனாம். நம் கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் நாலைந்து கட்டுரை படித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. ட்ரோலிங்கில் ராடை வீசி எறிகிற வேலை கிடையாது. மீன் கடிக்கும்போது படகும் ஓடிக்கொண்டிருப்பதால், விறைப்பான ராடாக இருந்தால் தூண்டில் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வளைந்து கொடுக்கிற ஃபைபர் கிளாஸ் ராடுதான் தோது. விலையும் குறைவு. கார்பன் ராடு எடை குறைவு, விலை அதிகம், ஓரிடத்தில் அழுத்தம் விழுந்தால் பட்டென்று போய்விடும். இதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 10.15க்கு பாபநாசத்தில் பஸ் ஏறினோம். கும்பகோணம் 15 கிலோமீட்டர். அங்கிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் 65 கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து மட்டும் இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. சம்பா அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தார். 1.40க்கு இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் ரூம் போட்டோம். ஒரு நாளைக்கு 900 ரூபாய். லிஃப்ட் இல்லை என்பதால் கீழ்த்தளம் கேட்டு வாங்கினேன்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் வலை, கயிறு, தூண்டில் விற்கும் கடை ஒன்றுக்கு முந்தைய வாரமே போன் செய்து ராடு இருக்கிறதா என்று கேட்டு வைத்திருந்தேன். கடையைப் பார்த்துக்கொள்பவர் ஜெயந்தி என்ற பெண்மணி. இரண்டு ராடு எடுத்து வைத்தார். ஒன்று கார்பன், ஆறடி, 3,400 ரூபாய். இன்னொன்று ஃபைபர் கிளாஸ், ஐந்தரை அடி, 1,350 ரூபாய். இரண்டையும் நடுவில் கழற்றி இரண்டு துண்டாக்கலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

கடையில் கிடந்த ஈயக் குண்டுகளை ஒரு பையில் போட்டு எடை போட்டேன். மூன்று கிலோ. அதைத் தூண்டில் நரம்பில் கட்டித் தரையில் வைத்து, ஒவ்வொரு ராடாகத் தூக்கிப் பார்க்க என் கணவரிடம் சொன்னேன். கிளாஸ் ராடு வில் மாதிரி வளைந்தது. "இது என்ன, உலக்கை கனம் கனக்குது" என்று கீழே வைத்துவிட்டார். கார்பன் ராடைத் தூக்கியபோது அவர் முகம் மாறியது. கையில் எடையே தெரியவில்லை போல. ஆனால் வலது மணிக்கட்டு நடுங்கியதை நானும் பார்த்தேன், ஜெயந்தியும் பார்த்தார். அவருக்காக அந்தக் கார்பனையும், என் கணக்குக்காக மலிவானதையும் சேர்த்தே வாங்கினோம். கைப்பிடியை இடப்பக்கமும் மாற்றிப் போடும், நரம்பு சுற்றுகிற ரீல் இரண்டு, ஒன்று 1,900. முப்பது பவுண்டு தாங்கும் நரம்பு, செயற்கை மீன் நான்கு. அவர் இடது கையால் சுற்றலாம். வலது கையால் ராடைப் பிடிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அதற்கும் நான் ஒரு வழி செய்து கொண்டு வந்திருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பட்டை ஒன்றை வெட்டித் தைத்து, மணிக்கட்டையும் ராடையும் சேர்த்து ஒட்டிக்கொள்கிற மாதிரி. ரூமில் போட்டுப் பார்த்தோம், பொருத்தமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் காலை 5.30க்குப் படகுத்துறை. ஃபைபர் படகு, ஐந்து மணி நேரத்துக்கு டீசலோடு 4,500 ரூபாய். படகுக்காரர் காத்தமுத்து, ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஆதார் நகலை முதல் நாளே வாங்கி, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி வைத்திருந்தார். நான் பட்டையை எடுத்து இவர் கையில் கட்டப் போனதும் எஞ்சினைக் கிளப்பப் போன காத்தமுத்து என்னைத் தடுத்தார்.

"அத எடுத்து உள்ள வைங்கம்மா. கைக்கும் ராடுக்கும் முடிச்சு இருக்கக் கூடாது. பெரிய மீனு இழுத்தா ராடு போவும், கூடவே பாயும் போவாரு."

ராடைப் படகோடு கட்டுங்கள், ஆளோடு கட்டாதீர்கள் என்று அவரே இரண்டு ராடின் அடியிலும் கயிறு போட்டுக் கட்டையில் கட்டினார். ராத்திரியெல்லாம் யோசித்துத் தைத்தவளுக்கு இது கூடத் தோன்றவில்லையே என்று இருந்தது. பட்டையைப் பைக்குள் போட்டேன்.

கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் போனோம். பன்னிரண்டு பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம், கீழே பார் இருக்கிறது என்றார் காத்தமுத்து. பார் என்றால் கடலடிப் பாறை. மீன் அங்கேதான் கூடும். ஓரத்தில் கட்டிய பிவிசி குழாய்களில் இரண்டு ராடையும் நிறுத்தி, செயற்கை மீனை விட்டு, மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். எனக்கு 6.40க்கு முதல் வாந்தி. (புறப்பட ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடுங்கள். நான் படகில் ஏறிய பிறகு போட்டேன், பிரயோஜனமில்லை.)

7.25க்குக் கார்பன் ராடு வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்தியது. ராடு குழாயிலேயே இருக்கட்டும், நீங்கள் இடது கையால் சுற்றினால் போதும் என்று காத்தமுத்து சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. ராடை உருவி நெஞ்சோடு அணைத்தார். ஒரு நிமிடம் நன்றாகத்தான் போனது. மீன் படகுக்கு அடியில் ஓடியதும் வலது கை விட்டுவிட்டது. ராடு படகு விளிம்பில் விழுந்து அழுந்தியது. முறிந்த சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி கேட்டது. நரம்பும் அறுந்து, செயற்கை மீனும் போயிற்று.

அவர் கையில் மிஞ்சிய இரண்டடித் துண்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் அவர் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் இருந்தேன். "திருப்பச் சொல்லு. வீட்டுக்குப் போவோம்" என்றார். என்னிடம்தான் சொன்னார், காத்தமுத்துவிடம் சொல்லவில்லை. எனக்கும் கரைக்குப் போனால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் இப்படியே கூட்டிக்கொண்டு போனால் இவர் இனி எதையும் கேட்க மாட்டார் என்று பயமாக இருந்தது. அவர் சொன்னதைக் காத்தமுத்துவிடம் சொல்லாமல் விட்டேன்.

காத்தமுத்து எஞ்சினைக் குறைத்துவிட்டு வந்தார். பழைய லாரி டியூப் துண்டு ஒன்றை விளிம்பில் மடித்துக் கட்டினார். "இதுல சாச்சுக்குங்க பாய். ராடத் தூக்க வேணாம், மேலேர்ந்து அமுக்குங்க. நாங்க வலைய அப்புடித்தான் இழுக்குறோம், ஒடம்பக் குடுத்து. வெறுங்கையால யாரு இழுக்குறா?"

அதன் பிறகு இவர் படகைத் திருப்பச் சொல்லவில்லை.

8.50க்குக் கிளாஸ் ராடு வளைந்தது. இந்தத் தடவை ராடை டியூப் மேல் சாய்த்து, வலது முழங்கையையும் நெஞ்சையும் வைத்துக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தார். கார்பன் என்றால் அந்த இடத்திலேயே இரண்டாகியிருக்கும். இது அரை வட்டமாக வளைந்து அப்படியே நின்றது. இடது கையால் சுற்றினார். பத்துச் சுற்று, பன்னிரண்டு சுற்று. மீன் இழுக்க, முழங்கை வழுக்கியது. வலது கைக்குத் துணையாக இடது கையையும் ராடில் வைத்தால்தான் நிற்கும். அப்படி வைத்தால் சுற்ற ஆள் இல்லை. காத்தமுத்து சுக்கானை விட முடியாது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மெஹரு, நீ சுத்து."

வாந்தியெடுத்த வாயைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் மண்டி போட்டேன். ராடு இறங்கும்போது சுற்று, ஏறும்போது நிறுத்து என்று அவர் சொல்லச் சொல்லச் சுற்றினேன். அவர் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம் இருக்கும். வெள்ளியாக ஒன்று பக்கவாட்டில் புரண்டது. காத்தமுத்து எஞ்சினை நிறுத்தி, கொக்கிக் கம்பால் தூக்கிப் போட்டார். சீலா மீன், பாரகுடா என்பார்களே அது. ஆசைப்பட்டது வஞ்சிரம்; வந்தது சீலா. கரையில் எடை போட்டபோது நாலு கிலோ இருநூறு கிராம்.

மஸ்கட்டில் இதைவிடப் பெரியதெல்லாம் பிடித்தவர். ஆனாலும் அதன் பல்லைத் தொடாதே என்று எனக்குச் சொல்லிக்கொண்டே, இடது கையால் அதன் முதுகை இரண்டு தடவை தடவினார். பாதி மீனைக் காத்தமுத்துவிடம் கொடுத்தோம். மீதியை ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் எடுத்துக்கொண்டு 1.30 பஸ்ஸைப் பிடித்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். தையிலிருந்து பங்குனி வரை கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நினைக்கவே வேண்டாம். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், கேட்டுக்கொண்டு போங்கள். படகுக்காரர் கண்டிப்பானவராக இருந்தால் கோபப்படாதீர்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

ராடு விஷயத்தில் என் அனுபவம் இதுதான்: முதல் ராடு என்றால் கிளாஸ் ராடே போதும். 1,200லிருந்து 1,500க்குள் நல்லதே கிடைக்கும். கனக்கும், அழகாக இருக்காது, ஆனால் நம் தப்பையெல்லாம் தாங்கும். மிச்சமாகும் காசை ரீலில் போடுங்கள். யார் கையில் பிடிக்கப் போகிறாரோ அவரைக் கூட்டிப்போய், எடை கட்டித் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் தூக்கித்தான் பார்த்தோம்; சாய்த்து அழுத்திப் பார்க்கவில்லை. அந்தத் தப்புக்கு விலை 3,400 ரூபாய்.

திருவாரூர் தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே, "ஒனக்குன்னு ஒரு ராடு வேணும்" என்றார். நான்தான் கடலில் நாலு தடவை வாந்தி எடுத்தேனே, பார்த்தீர்கள்தானே என்றேன். "நாலாவதுக்கு அப்பறம் எடுக்கலையே" என்றார்.

மறு வாரம் ஜெயந்தி கடைக்குப் போன் செய்தேன். அதே ராடு, அதே 1,350. பார்சலில் வந்து சேர்ந்தது.