சிட்டுவின் மூன்றாம் பக்கம்

திட்டக்காவின் இடது முன்னங்கையில் பதினோரு பல்தடங்கள் இருக்கின்றன. எது எந்தக் குழந்தையுடையது, எந்த வருஷத்துக் கோபம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வலக்கைச் சுண்டுவிரல் மடங்காது. அது ஒரு நாற்காலியின் உபயம். மேல்வரிசையில் ஒரு பல் பொய்ப்பல். "மத்த டீச்சருங்களுக்குப் பிள்ளைங்க எழுத்து நோட்டுல இருக்கும், எனக்கு உடம்புல இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மற்றப் பிள்ளைகளைப்போல் பேசவோ உட்காரவோ படிக்கவோ முடியாத முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆதரவுத் திட்டம் எழுதி, அம்மா அப்பாவையும் வாத்தியார்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி, அதன்படி நடக்கிறதா என்று வகுப்பு வகுப்பாக அலைவது அவள் வேலை. ஒரு திட்டம் ஐந்து பக்கம். அதில் மூன்றாம் பக்கம்தான் உயிர். தலைப்பு, 'பதற்றம் வந்தால்'. திட்டம் போடுவதால் திட்டக்கா என்று பெயர் வைத்தது பள்ளி ஆயா. எந்நேரமும் திட்டுவதால் வந்த பெயர் என்பார்கள் வாத்தியார்கள், அதிலும் பொய்யில்லை.

ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். நான் சொல்கிறேன். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பேச்சு வராது. சத்தம் கேட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். அதற்கு அவர்கள் அப்பா கண்டுபிடித்த வைத்தியம் பெல்ட். பையன் திமிறுவான் என்பதால், "காலைப் பிடிடி" என்பார். எட்டு வயதுப் பெண், பிடித்தாள். பிடிக்காவிட்டால் அவளுக்கும் விழும். கொக்கி தம்பியின் தொடையில் இறங்கும்போது அவள் உள்ளங்கைவரை அதிரும். பதினான்கு வயதில் அவனை ஓர் இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். ஒரே ஒரு முறை பார்க்கப் போனாள். இரண்டு கணுக்காலிலும் கயிறு அறுத்த புண். மூன்றாம் வருஷம் சாவுச் செய்தி வந்தது. அந்த அப்பனை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, பெற்ற மகளுக்கு எப்படி இருந்திருக்கும்.

சரி, சிட்டுவுக்கு வருகிறேன். பெயர்தான் சிட்டு. பதினோரு வயதில் அம்மாவின் உயரம், அப்பாவின் தோள். அப்பா கடைகளின் இரும்பு ஷட்டர் பழுதுபார்ப்பவர், கை ஒவ்வொன்றும் சுத்தியல். சிட்டுவுக்கு நாலைந்து சொல்தான் வரும். மற்றதையெல்லாம் கழுத்தில் தொங்கும் அட்டைகள் பேசும்: தண்ணீர், பசி, வலி, வெளியே, நிறுத்து. எழுத்தோ படமோ இல்லாத வெறும் சிவப்பு அட்டைதான் நிறுத்து. அவள் அதை நீட்டினால் எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே விட்டுவிட்டு விலக வேண்டும். விலகினால் தானாக அடங்கிவிடுவாள். அடிக்காமல் அட்டையை நீட்டு என்று பழக்க திட்டக்காவுக்கு இரண்டு வருஷமும் அந்த மடங்காத விரலும் ஆயிற்று. பின்னாலிருந்து மட்டும் அவளைத் தொடவே கூடாது.

தவறு நடந்தது இப்படி. புதுத் திட்டத்தை யாரும் வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. முடித்த ஒரு பிள்ளையின் திட்டத்தைக் கணினியில் திறந்து, பெயரை மாற்றி, பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டு போவார்கள். முப்பத்தெட்டுத் திட்டம் ஒரு வாரத்தில் வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பொடியன் இருந்தான். பதற்றம் வந்தால் தானே வந்து முதுகைக் காட்டி நின்று, "அமுக்கு" என்பான். பின்னாலிருந்து தோளை இறுக்கிப் பிடித்து, விளையாட்டாகத் திமிறினாலும் விடாமல் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் சிரிப்பான். அவன் திட்டத்தைத் திறந்துதான் திட்டக்கா சிட்டுவின் பெயரைப் போட்டாள். இரண்டு பக்கம் திருத்தியாயிற்று. மூன்றாம் பக்கம் வந்தபோது, மாடிப்படியில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டது என்று ஆயா கத்தினாள். திட்டக்கா எழுந்து ஓடினாள். திரும்பி வந்து நான்காம் பக்கத்திலிருந்து தொடர்ந்தாள். வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட்டார், சிட்டுவின் அம்மா போட்டாள், தலைமையாசிரியை போட்டார். ஒருத்தராவது படித்திருந்தால்தானே.

வகுப்பு டீச்சருக்கு சிட்டுவை உள்ளங்கை மாதிரித் தெரியும், தாளைப் பார்க்கும் அவசியமே வரவில்லை. அவர் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் விடுப்பில் போக, அவர் இடத்துக்கு ஒரு புது வாத்தியார் வந்தார். முப்பது வயது, வெள்ளந்தி. அந்தப் பள்ளியில் திட்டத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். படித்ததே வினையாகப் போயிற்று.

நான்காம் நாள், பக்கத்து அறையில் சுவரில் துளைபோட ஆரம்பித்தார்கள். சிட்டு காதைப் பொத்தினாள், மேஜையில் நெற்றியால் இடித்தாள். வாத்தியார் அலமாரியைத் திறந்து மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். 'பின்னாலிருந்து தோள்களை இறுக்கிப் பிடிக்கவும். திமிறினாலும் விடக்கூடாது.' பிடித்தார்.

சிட்டு தலையைப் பின்னால் வீசினாள். அவர் மூக்குத்தண்டு நொறுங்கியது. ரத்தம் வாய்க்குள் வழிய வழிய அவர் விடவில்லை, விடக்கூடாதென்று எழுதியிருந்ததே. குனிந்து முன்னங்கையைக் கடித்தாள், சதை பிய்ந்து வந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்தார்கள். ஒரு கை விடுபட்டதும் தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். மூன்றாம் அடியில் தாடை கழன்று தொங்கியது, இரண்டு பல் தரையில் விழுந்தது. அதற்குப்பின் அந்த மனுஷனுக்கும் புத்தி கெட்டுவிட்டது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக் குப்புறத் தள்ளி, முட்டியை முதுகில் ஊன்றி, முழு பாரத்தையும் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வகுப்புக்குக் கேட்டதாம்.

திட்டக்கா ஓடிவந்தபோது சிட்டுவின் உதடு நீலமாகிவிட்டிருந்தது. வாத்தியாரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். சிட்டுவைப் புரட்டி, முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தைத் தட்டித் தட்டி மூச்சு வரவைத்தாள். முறியாத கை இறுக மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தால், உள்ளே சிவப்பு அட்டை, கசங்கி, ரத்தம் ஒட்டி.

வாத்தியாரை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியபோது, உடைந்த தாடையோடு அவர் மூன்றாம் பக்கத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினார். வாங்கிப் பார்த்தாள். அமுக்கச் சொல்லும் பொடியனின் பக்கம். 'அடிப்பாவி' என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். இந்த முறையும் நான்தானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தாள்.

மறுவாரம் கூட்டம். சிட்டுவைப் பூட்டிவைக்கும் இல்லம் ஒன்றுக்கு அனுப்பத் தலைமையாசிரியை கடிதம் தயாராக வைத்திருந்தார், அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. திட்டக்கா யோசித்தாள். மூன்றாம் பக்கத்தைச் சரியாக எழுதி உள்ளே செருகிவிட்டால், திட்டத்தில் பிழையில்லை, வாத்தியார்தான் மீறினார் என்றாகும். சிட்டுவும் தப்பிப்பாள், தானும் தப்பிக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. செய்தாள். வகுப்பு அலமாரியிலும் மாற்றினாள், தலைமையாசிரியையின் கோப்பிலும் மாற்றினாள். வாத்தியாரிடமிருந்து வாங்கிய பழைய பக்கத்தைக் கிழிக்க மட்டும் கை வரவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் வாத்தியார் தாடையில் கம்பி கட்டி உட்கார்ந்திருந்தார். சிட்டு மாவுக்கட்டோடு அம்மாவின் பக்கத்தில். கழுத்தில் புது அட்டைகள்.

"பின்னாலேர்ந்து தொடக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கே சார்" என்றார் தலைமையாசிரியை, பக்கத்தைத் திருப்பிக் காட்டி.

வாத்தியார் பேய் அறைந்தாற்போல் பார்த்தார். "எனக்கு... இறுக்கிப் பிடின்னு..." என்று பல்லுக்கிடையில் முனகினார். பிறகு, தானே தப்பாகப் படித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க மேல நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும். அதுக்காக, தாடைய உடைச்ச பொண்ணையும் நான் இங்க வெச்சுக்க முடியாது" என்று கடிதத்தை அப்பாவின் முன்னால் தள்ளினார் தலைமையாசிரியை.

சிட்டுவின் அப்பா எழுந்தார். "அனுப்பாதீங்க மேடம். நான் திருத்திக் காட்டறேன்." சொன்ன கையோடு மகளின் கன்னத்தில் ஓர் அறை. நாற்காலியோடு சரிந்தாள். தூக்கி நிறுத்தி இன்னொன்று. மூக்கிலிருந்து ரத்தம் மாவுக்கட்டில் சொட்டியது. சிட்டு திமிறினாள். "அவ கையப் புடிடி" என்றார் மனைவியிடம். அம்மா அழுதுகொண்டே பிடித்தாள்.

அதைப் பார்த்ததும் திட்டக்காவுக்கு ஐம்பது வயதும் போய் எட்டு வயது வந்துவிட்டது. பாய்ந்துபோய் அம்மாவின் கையைப் பிரித்துவிட்டு நடுவில் நின்றாள்.

"அவள அடிக்காதீங்க. என்னைய அடிங்க. தப்பு என்னுது."

கைப்பையிலிருந்து பழைய பக்கத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். "இது வேற பையனோட பக்கம். மாத்தாம விட்டுட்டேன். சார் இதப் படிச்சுட்டுத்தான் பிடிச்சார். இப்ப உள்ள இருக்கறது நான் முந்தாநாள் செருகினது. சிட்டு, நான் கத்துக்கொடுத்தபடி நிறுத்தச் சொல்லி அட்டையக் காமிச்சிருக்கா. அன்னைக்கு அவ கையில அது இருந்துச்சு."

அப்பா ஒரு நிமிஷம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு திட்டக்காவை அறைந்தார். உதடு கிழிந்து, பொய்ப்பல் தெறித்து மேஜைமேல் உருண்டது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. அவர் கை மறுபடி ஓங்கியது.

சிட்டு நடுவில் கையை நீட்டினாள். சிவப்பு அட்டை, அப்பாவின் முகத்துக்கு நேராக.

"என்ன இது?" என்றார் அவர்.

"நிறுத்துன்னு அர்த்தம்" என்றாள் திட்டக்கா, ரத்தத்தைத் துடைக்காமல். "ரெண்டு வருஷமா உங்க பொண்ணு கழுத்துல தொங்குது."

ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, அவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்ககிட்டயும் இதக் காமிச்சாளா?"

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பிக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசினார். "நாலு தடவ காமிச்சா. அது என்னன்னு தாள்ல இல்ல, எனக்குப் புரியல. நாலாவது தடவ, அவ கையோட சேத்து அதக் கசக்கினது நான்தான்."

அப்பாவின் கை இறங்கியது. அது முழுசாக இறங்கும்வரை சிட்டு அட்டையை இறக்கவில்லை.

தலைமையாசிரியை கடிதத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு, இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்து திட்டக்காவின் முன் வைத்தார். அது எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜினாமா எழுதத்தான் வேண்டும், எழுதினாள். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தாளின் மறுபக்கத்தில், யாருடைய திட்டத்தையும் பார்க்காமல், சிட்டுவின் மூன்றாம் பக்கத்தைக் கையாலேயே எழுதினாள். முதல் வரி சிவப்பு அட்டையைப் பற்றியது. கையெழுத்துக்காக நீட்டியபோது அப்பா பேனாவை வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மகளை அடித்த அந்த விரலை வரிக்கு அடியில் வைத்து, எழுத்துக் கூட்டி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.