சம்மணம் போட முடியாத அப்பா

போன வாரம் மயிலாப்பூர் குளத்தருகே ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தை மாசம் பொண்ணு கல்யாணம் ஆச்சாமே, ஜாம்ஜாம்னு கன்னிகாதானம் பண்ணிக் குடுத்திருப்பேள்" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கைத்தடியை ஊன்றி நகர்ந்தேன். பொய்தான்... வேறென்ன சொல்வது?

எங்கள் வழக்கப்படி பெண்ணின் தகப்பன் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெண்ணைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே தாலி ஏறும். எனக்கு ஒரே பெண், கமலா. ஆக, எனக்கு வாய்ப்பதும் ஒரே ஒரு முகூர்த்தம்.

கல்யாணம் நிச்சயமான கையோடு, ஆவணியில், லஸ் முனையில் டிராம் நிற்பதற்கு முன்பே இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. முழங்கால் உடைந்தது. ஐப்பசியில் மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் விறகுக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மடங்கவில்லை.

டாக்டர் நிதானமான மனிதர். "வாரத்துக்கு ஒரு விரக்கடை மடக்கினா போறும். தைக்குள்ள தானா உக்காந்துடுவேள். அவசரம் மட்டும் கூடாது" என்றார்.

தினமும் காலையில் வெந்நீர் ஒத்தடம், அப்புறம் மடக்கல். யுத்த காலம் — ஊரே சைரனுக்குப் பயந்துகொண்டிருந்தது. நான் வெந்நீர்ச் சொம்புக்குப் பயந்தேன். வலி தாங்காமல் அழுதிருக்கிறேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

மார்கழி பிறந்தது. கால் முக்கால்வாசிதான் மடங்கியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம்; தையை விட்டால் லீவு கிடையாது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஒருநாள் விடியற்காலை எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த சமயம், மணையைப் போட்டுக் காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினேன். உட்கார்ந்தும் விட்டேன். அதோடு எழுந்திருக்கலாம் அல்லவா? கமலாவின் கனத்தைத் தாங்குமா என்று பார்க்க ஆசை. ரேஷன் நாளில் அரிசி மூட்டைக்கு எங்கே போவது? கைக்கெட்டின பழைய பத்திரிகைக் கட்டுகளை ஒவ்வொன்றாக மடியில் ஏற்றினேன். என் பத்தி வந்த இதழ்கள்தான். நாலாவது கட்டு ஏறியதும் முழங்காலுக்குள் ஏதோ முறிந்த சத்தம்.

முதல் தடவை ஏற்றிப்போன அதே ஜட்காக்காரர்தான் வந்தார். "இன்னா சாமி, இன்னொரு தபாவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். மறுபடி மாவுக்கட்டு.

காலை நீட்டிக்கொண்டு மணையில் உட்காரலாமா என்று சாஸ்திரிகளைக் கேட்டுப் பார்த்தேன். அவர் என் தம்பியின் நட்சத்திரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முகூர்த்தத்தன்று கமலா என் தம்பி மடியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில், வந்தவர்களில் ஒருவன் மாதிரி. முந்தின நாள் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துண்டிருக்கப்படாதாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

அவள் பம்பாய் போய்விட்டாள். கட்டைப் பிரித்ததும் நான் வாரம் ஒரு விரற்கடையாக மடக்க ஆரம்பித்தேன். வலி அதே வலிதான். ஆனால் நாள் எண்ணவில்லை, டாக்டரை நச்சரிக்கவில்லை. மனுஷனுக்குப் பொறுமை எப்போது வருகிறது பாருங்கள்... எதற்காக அவசரப்பட்டோமோ அது கைவிட்டுப் போன பிறகு.

நேற்றுக் காலை தரையில் முழுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே கமலாவுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறாள்.

என்னவென்று எழுதுவது — மடி தயார் என்றா?